ராத்திரி மட்டும்

வந்தவள் சோபாவில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து தாட்சாயணி இழுத்துப் போட்ட நாற்காலியிலும் உட்காரவில்லை. கூடத்து மின்விசிறிக்கு நேர் கீழே, குழந்தையின் ரப்பர் விரிப்பு முடிகிற இடத்தில், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டுவிட்டாள். "மேல உக்காருங்க" என்றாள் தாட்சாயணி. "இருக்கட்டும்மா, பாப்பா கீழதான இருக்குது" என்றாள் அவள். இன்னொரு தடவை சொல்லலாமா, சொன்னால் வற்புறுத்துவதுபோல் ஆகுமா, பேசாமல் தானும் இறங்கி உட்கார்ந்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. தாட்சாயணி மட்டும் சோபாவின் நுனியில், ஜமீன் வீட்டம்மாள் மாதிரி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஆள் எடுப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பத்து வருடத்துக்கு மேலாக அதைத்தான் செய்கிறாள். கதவைத் திறக்கிற விதத்திலேயே பாதி ஆளை எடைபோட்டுவிடுவாள் என்று ஆபீசில் பேர். ஆனால் அங்கே நடுவில் ஒரு மேசை உண்டு. மேசை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இப்போதுதான் தெரிந்தது. மேசை இருந்தால் கைகளை வைக்க இடம் இருக்கிறது, நடுவில் ஒரு தூரம் இருக்கிறது, எதிரே இருப்பவர் உங்கள் வீட்டுத் தரையில் சிந்திக் காய்ந்துபோன கேழ்வரகுக் கூழைப் பார்த்துவிட முடியாது. வந்தவள், பச்சையம்மாள், பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வந்தவாசிப் பக்கம் ஊர், வயது நாற்பத்தைந்து, குழந்தை பார்த்துக்கொண்டு வீட்டோடு தங்குவாள், சமையல் செய்யமாட்டாள் என்று வேளச்சேரி ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். சுரண்டுகிறாளே, இது சுத்தமா, அல்லது வீட்டுக்காரிக்குச் சுத்தம் போதாது என்று சொல்லிக்காட்டுவதா? அந்த நகத்தை அப்புறம் மித்ராவின் வாயருகே கொண்டுபோவாளா? மித்ரா விரிப்பின் நடுவில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் கரண்டியைச் சப்பிக்கொண்டு, புதிதாக வந்தவளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடைக்கு அடியில் கைபேசி உறுமியது. கணவன் குருபரனாகத்தான் இருக்கும். தன் அக்காவை அழைத்துவர அவன் சென்ட்ரலுக்குப் போயிருக்கிறான். எடுத்துப் பார்த்தாள். 'வண்டி வந்திருச்சு, அக்கா இறங்கிட்டாங்க. ஆள் வந்தாச்சா?' பதில் போடாமல் கவிழ்த்து வைத்தாள். பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கிற மெஷின் ஒரு நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் பல்லில் அந்தக் கூச்சம் இருந்தது. குருபரன் நேற்றுச் சாப்பிடும்போது சொன்னதை அவள் காலையிலிருந்து மென்றுகொண்டிருக்கிறாள். "இந்த ஆளும் சரிப்படலைன்னா அக்கா வந்த மறுநாளே பாப்பாவோட கிளம்பட்டும். திங்கக்கிழமை நீ ஆபீஸ் போயாகணும். வேற வழி இருந்தா சொல்லு, கேட்டுக்கிறேன்." கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான். சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் தொந்தரவு. கீழ்த்தளத்துக் காப்பகத்தில் ஒன்றரை வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எடுப்பதில்லை. அம்மா விருதுநகரில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். விடுப்பை நீட்டி நீட்டி, மேலதிகாரியின் குரலில் இருந்த பரிவெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. குருபரனின் அக்கா, இவள் அண்ணி என்று கூப்பிடுகிற அமுதவல்லிக்குப் பொள்ளாச்சியில் பெரிய வீடு, பிள்ளை இல்லை. "மூணு வயசு வரைக்கும் இங்க இருக்கட்டும் கண்ணு. பள்ளிக்கோடம் சேக்கறப்ப கூட்டிட்டுப் போயிக்குங்க. எல்லாரும் அப்படித்தானுங் பண்றாங்க" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். எல்லோரும் அப்படித்தான் பண்ணுகிறார்கள். தாட்சாயணியின் பிரிவிலேயே ஒருத்தியின் பிள்ளை ஈரோட்டில், ஒருத்தியின் பிள்ளை காரைக்குடியில். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, "அம்மாவப் பாரு, இங்க பாரு, அம்மா" என்று கொஞ்சுவார்கள். திரையில் பிள்ளை வேறு எங்கோ பார்க்கும். கேட்டது ஒரு தடவைதான் என்றாலும் அதற்குப் பிறகு அண்ணி பேசின போதெல்லாம் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டே வந்தது. பின்கட்டு அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாயிற்று. தொட்டில் வாங்கினதை மட்டும் அண்ணி சொல்லவில்லை, குருபரன்தான் உளறிவிட்டான். தேக்குத் தொட்டிலாம். தேக்குத் தொட்டிலை யாராவது இரண்டு வருடத்துக்காக வாங்குவார்களா?

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். தெரிந்த விஷயம்தான். தெரிந்ததைக் கேட்டு ஆரம்பிப்பது தொழில் பழக்கம். "அண்ணா நகர்லம்மா. பல் டாக்டர் அம்மா வீடு. பையன். பொறந்து மூணாம் மாசத்துலேருந்து பார்த்தேன்." அந்தப் பல் டாக்டரிடம் தாட்சாயணி நேற்றே பேசிவிட்டாள். ஆட்களைப் பற்றிப் பழைய இடத்தில் விசாரிப்பதில் அவளுக்கு ஒரு சூத்திரம் உண்டு. தொலைந்தால் போதும் என்று நினைக்கிறவனைப் புகழ்வார்கள். திரும்ப வரமாட்டானா என்று ஏங்குகிறவனைப் பற்றி ஒரு குறை சொல்லி வைப்பார்கள். டாக்டர் இரண்டையும் செய்தாள். "ரொம்ப நல்லவங்க. கை சுத்தம். போனை நோண்டமாட்டாங்க. டிவி பார்க்கமாட்டாங்க." பின்னால் ஏதோ மெஷின் கிர்ரென்று ஓடுகிற சத்தம். யாரோ வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்திருக்க வேண்டும். "ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். "என்ன மேடம்?" "ஒண்ணுமில்ல, விடுங்க." "இல்ல, சொல்லுங்க மேடம், ப்ளீஸ்." "குழந்தை அவங்ககிட்ட ஒட்டிக்கும்." "நல்லதுதானே மேடம்?" "ம். நல்லதுதான்" என்று சொல்லி டாக்டர் வைத்துவிட்டாள். அந்த 'நல்லதுதான்' நேற்றிலிருந்து தாட்சாயணியின் காதுக்குள்ளேயே இருக்கிறது. பல் துலக்கும்போது இருந்தது. மித்ராவுக்கு நாப்கின் மாற்றும்போது இருந்தது. இதற்கு முன் வந்த இரண்டு பேரையும் எதற்காக வேண்டாம் என்று சொன்னோம் என்பதை அது கிளறிவிட்டது. முதலில் வந்தவள் சும்மா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது சரி. இரண்டாவது வந்த பெண், ஒடிசாக்காரி, சின்னப் பெண், நாலு வார்த்தை தமிழ்தான் தெரியும். ஆனால் உள்ளே நுழைந்து கையை நீட்டினதும் மித்ரா தாவிப் போய்விட்டாள். போய், அவள் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்ணை எதற்கு வேண்டாம் என்றாய் என்று குருபரன் கேட்டபோது, பாஷை என்று சொன்னாள். பாப்பாவுக்குத் தமிழ் வரவேண்டாமா என்றாள். அவனும் ஒப்புக்கொண்டான். அவன் எதையும் ஒப்புக்கொள்வான். உண்மையில் அவள் தேடுவது எந்த மாதிரி ஆளை என்பதை ஒரு தாளில் எழுதச் சொன்னால் எழுத முடியுமா? குழந்தையைக் கீழே போடாத ஆள். நேரத்துக்குப் பால் கலக்கிக் கொடுக்கிற ஆள். காய்ச்சல் வந்தால் தெரிந்துகொள்கிற ஆள். ஆனால் குழந்தைக்கு ரொம்பப் பிடித்துவிடாத ஆள். இப்படி ஒரு வேலைக்கு எந்த ஏஜென்சியில் போய்ச் சொல்வது? சுமாரான ஆள் வேண்டும் சார், ரொம்ப நல்ல ஆளாக அனுப்பிவிடாதீர்கள்.

"உங்களோட பலவீனம்னு எதைச் சொல்வீங்க?" வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் உறைத்தது. கண்ணாடி அறைக்குள் வருகிற பையன்கள் இதற்கென்றே ஒரு பதிலை மனப்பாடம் செய்து வருவார்கள். வேலையென்று வந்துவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது மேடம், அதுதான் என் பலவீனம். பச்சையம்மாள் யோசித்தாள். "எனக்கா? பல்லுதாம்மா. கீழ்க் கடவாப் பல்லு ரெண்டு இல்ல. முறுக்கு கிறுக்கு குடுத்தா ஒடச்சித் தண்ணியில போட்டுத்தான் துன்னணும். பல் டாக்டர் வூட்டுலயே குந்திக்கினு பல்லு கட்டிக்காம வந்துட்டியேடின்னு எங்க ஓரகத்தி சிரிக்கறா." தாட்சாயணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த உடனே, நேர்காணலில் முதலில் சிரிப்பவன் தோற்றான் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தான் பாடம் எடுத்தது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள். "அந்த வீட்டை ஏன் விட்டீங்க?" "பையனப் பள்ளிக்கூடத்துல போட்டுட்டாங்க. அப்புறம் எனக்கு இன்னா வேல? சமையலுக்கு நில்லுன்னாங்க. நான் சமையலுக்கு நிக்கமாட்டேம்மா. எங்க போனாலும் பிள்ளைக்கு மூணு வயசு, நாலு வயசு வரைக்கும்தான். பள்ளிக்கூடம் போச்சுன்னா நான் கெளம்பிடுவேன்." "அந்தப் பையன் உங்களைத் தேடலியா?" "தேடுச்சு. டாக்டரம்மா போன் போட்டு, ஒரு வார்த்தை பேசு பச்சையம்மான்னாங்க. நான் எடுக்கறத நிறுத்திட்டேன்." "ஏன்?" "பேசினா இன்னும் நாலு நாளு சேர்த்து அழுவும். பேசலேன்னா மறந்துரும். அந்த வயசுல எல்லாம் சுத்தமா மறந்துரும்மா. ரோட்டுல பாத்தாக்கூட யாருன்னு தெரியாது." சொல்லிக்கொண்டே புடவைத் தலைப்பில் நகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. காய்கறி வாடிவிடும் என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

மறந்துரும். தாட்சாயணிக்கு இதற்கு அத்தாட்சி யாரும் தரவேண்டியதில்லை, அவளே அத்தாட்சி. அம்மா கமுதியில் கவர்மெண்ட் நர்ஸ், அப்பாவுக்குத் திருத்தணியில் ரெவின்யூ ஆபீஸில் வேலை. பால்குடி மறந்த கையோடு அவளைச் சாத்தூரில் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்களாம். நாலு வயதுவரை அங்கேதான் இருந்தாளாம். இந்த 'ஆம்' எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான். அவளுக்குள் தேடினால் சாத்தூர் இல்லை. ஒரு வாசல்படிகூட இல்லை, ஒரு நிறம்கூட இல்லை. அம்மா மாதம் ஒருமுறை வருவாளாம். யூனிபார்ம் மாற்றக்கூட நேரமில்லாமல் பஸ் பிடித்து அப்படியே வருவாளாம். வந்தால், பெரியம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "நர்சம்மா வந்துட்டாங்க, நர்சம்மா வந்துட்டாங்க" என்பாளாம். "பெத்தவளைப் பாத்து நர்சம்மான்னா பாருங்க" என்று இதை அம்மா ஒரு பெரிய ஜோக்காக இன்றைக்கும் சொல்கிறாள். கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். தாட்சாயணியும் சிரித்திருக்கிறாள், பத்து இருபது தடவை சிரித்திருப்பாள். மித்ரா பிறந்த பிறகு ஒருநாள் அம்மா அதைச் சொன்னபோதுதான், சொல்லி முடித்த பிறகு அம்மா எல்லோரையும்விட ஒரு நொடி அதிகமாகச் சிரிக்கிறாள் என்பதைக் கவனித்தாள். அந்த ஒரு நொடி எப்போதும் இருந்திருக்கிறது போலிருக்கிறது. பெரியம்மாவைப் போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தாள். பந்தியில் பக்கத்து இலை. பெரியம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நீ தூங்கும்போது என் தாலிக்கொடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவ. பிடியை எடுத்தா முழிச்சுக்குவ. நான் ஒரே பக்கமாப் படுத்துப் படுத்துத் தோளு இறங்கிப்போச்சு" என்றாள். "அப்படியா பெரியம்மா?" என்றாள் தாட்சாயணி. யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள். பாயசம் வேண்டுமா என்று பரிமாறுகிறவன் வந்தான். அவ்வளவுதான். அவள் தேடித் தேடிப் பார்த்தும் அந்தத் தாலிக்கொடியின் ஒரு கண்ணிகூட விரலில் தட்டுப்படவில்லை. அன்றைக்கு அது உறுத்தவில்லை, இப்போதுதான் உறுத்துகிறது. மூன்று வருடம் ஒருத்தி தோள் இறங்கப் படுத்திருக்கிறாள்; அதற்கு மிச்சம் ஒரு 'அப்படியா'. இன்னொருத்தி மாதாமாதம் பஸ் ஏறி வந்திருக்கிறாள்; அவளுக்கு மிச்சம் ஒரு ஜோக். இதில் தோற்றது யார்? பெரியம்மா என்று நினைத்தால் அம்மாவின் அந்த ஒரு நொடி குறுக்கே வருகிறது. அம்மா என்று நினைத்தால் அப்பளம் நொறுங்குகிறது. மறந்துரும் என்று பச்சையம்மாள் சொல்வதால் நிம்மதிப்படலாம். மூன்று வருடம் கழித்து இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், பெரியம்மா போல் மறைந்துவிடுவாள், மித்ரா தனக்கே. ஆனால் அதுவரை தான் யார்? சாயங்காலம் ஆபீஸிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற ஒருத்தி.

டக்கென்று கரண்டி விழுந்த சத்தம். மித்ரா தவழ ஆரம்பித்திருந்தாள். பச்சையம்மாள் கையை நீட்டவில்லை. வா என்று கூப்பிடவில்லை, நாக்கைச் சொடுக்கவில்லை, வளையலை ஆட்டவில்லை. வேறு எங்கோ, டிவிக்கு மேலே மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா அப்ப ஒல்லியா இருந்திருக்காரு" என்றாள். மித்ரா விரிப்பைத் தாண்டி, அவள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்து நின்றாள். ஆடினாள். அப்போதும் பச்சையம்மாள் பிடிக்கவில்லை. விழப்போகிறாள், பிடியேன் என்று தாட்சாயணிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழட்டும், விழுந்தால் இவள் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று இன்னொன்றும் அதே நாக்கு நுனிக்கு வந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. மித்ரா விழவில்லை. விழுவதற்கு முன்னால் அந்தப் பெரிய கை எங்கிருந்தோ முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தது. குழந்தை மடியில் சரிந்தது, சரிந்து அந்தப் புடவையை முகர்ந்தது. அதில் என்ன வாசனை இருக்கும்? வெற்றிலையா, துணி சோப்பா, பஸ்ஸின் டீசல் நெடியா? தாட்சாயணியின் மார்பில் பால் கசிந்தது. இதற்கு மட்டும் வேளை கிடையாது. குழந்தை யார் மடியில் இருந்தாலும் உடம்பு தன்பாட்டுக்குச் சுரக்கிறது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். கைபேசி மறுபடி உறுமியது. 'ஏறியாச்சு. கிண்டி தாண்டிட்டோம். அக்கா கேக்கறாங்க என்னாச்சுன்னு.' அண்ணி காரின் பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பை நிறைய நேந்திரம்பழ மாவு இருக்கும். கெட்ட மனுஷி இல்லை. தாட்சாயணிக்குப் பிரசவமானபோது ஒரு மாதம் தூங்காமல் பார்த்தவள். பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்துவந்து தாயிடம் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் "இந்தா, உன்னோடது" என்பாள். ஒவ்வொரு தடவையும்.

மித்ராவின் கண்கள் சொருக ஆரம்பித்தன. பச்சையம்மாள் தட்டிக்கொடுக்கவும் இல்லை. முழங்காலை மட்டும் லேசாக, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள். "தூளி கட்டுறதுக்குக் கொக்கி இருக்காம்மா?" "படுக்கை ரூம்ல இருக்கு." "சரி. ஒண்ணு மொதல்லயே சொல்லிடணும். அப்புறம் தகராறு வரக்கூடாது." "சொல்லுங்க." சம்பளமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை லீவாக இருக்கும் என்று தாட்சாயணி மனதுக்குள் தயாரானாள். பேரம் அவளுக்குக் கைவந்தது, பேரம் வந்துவிட்டால் அவள் கண்ணாடி அறைக்குத் திரும்பிவிடுவாள். "ராத்திரியில பாப்பா என்கூடதான் படுக்கணும்." "என்னது?" "ராத்திரியில. கூடத்துலயோ, எங்க எடம் குடுக்கறீங்களோ, அங்க பாயப் போட்டு என் பக்கத்துல." "அது எதுக்கு? ராத்திரிதான் நான் வீட்ல இருப்பேனே." "அதுதாம்மா என் வழக்கம். ராத்திரி ஒருத்தர்கிட்ட, பகல்ல ஒருத்தர்கிட்டன்னு இருந்தா பிள்ளை ஒருத்தர்கிட்டயும் நிக்காது. பகல் பூரா அழுவும், உங்க ஆபீசுக்குப் போன் வரும், நீங்க ஓடியாருவீங்க. நாலு ராத்திரி பக்கத்துல படுத்துச்சுன்னா என் வாசனை பழகிரும். அப்புறம் தொல்லையே இல்ல." "ராத்திரி பால் குடிக்கிறா." "இன்னுமா?" "ஒரு தடவை." "நிப்பாட்டிடலாம்" என்றாள் பச்சையம்மாள், குழாயைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆபீசில் ஒருவன் இப்படி ஒரு நிபந்தனை போட்டால் என்ன செய்வாள்? நன்றி, நாங்கள் தொடர்புகொள்கிறோம் என்பாள். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. சொன்னால் முடிந்தது. இவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு போய்விடுவாள். அவர்கள் வந்து இறங்குவார்கள். நாளைக்கு மத்தியானம் இந்த நேரத்துக்கு விரிப்பைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருப்பாள். பொள்ளாச்சியில் மஞ்சள் அறை, தேக்குத் தொட்டில். அப்போது ராத்திரியும் இல்லை, பகலும் இல்லை. இவளை வைத்துக்கொண்டால் பகல் போகும், ராத்திரியும் போகும், ஆனால் ஒரே கூரையின் கீழ் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை மூச்சுவிடுவது கேட்கும். கேட்டுக்கொண்டே கட்டிலில் படுத்திருக்கலாம். ராத்திரி என்று என்ன பெரிதாக இருக்கிறது? கழுத்துப் பக்கமாக நைட்டிக்குள் மித்ராவின் கை நுழையும். சூடான, எப்போதும் ஈரமான கை. அது எதையும் பிடிக்காது, சும்மா அங்கே இருக்கும். இருக்கிறாயா என்று பார்த்துவிட்டு அப்படியே தூங்கிவிடும். அவ்வளவுதான் ராத்திரி. அந்தக் கை இனிமேல் இந்தப் பழுப்புப் புடவைக்குள் நுழையும். டாக்டர் ஏன் 'விடுங்க' என்றாள் என்று இப்போது புரிந்தது. அவளும் ஒரு ராத்திரி எழுந்துபோய்க் கூடத்து வாசலில் நின்று பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு வந்து படுத்து, காலையில் யாருடைய பல்லையோ பிடுங்கப் போயிருப்பாள். "ராத்திரி மட்டும் என்கூட இருக்கட்டுமே" என்றாள் தாட்சாயணி. குரல் கேட்கிற குரலாக இல்லை, கெஞ்சுகிற குரலாக இருந்தது. வேலை கேட்டு வந்தவள் யார், கொடுப்பவள் யார் என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. "நானும் ராத்திரி மட்டும்தாம்மா கேக்கறேன். பகல்லதான் எப்படியும் என்கிட்ட இருக்கப்போவுதே." சொல்லிவிட்டுத் தன் பையை எட்டி இழுத்தாள். "ஒத்துவரலேன்னா சொல்லிடுங்கம்மா. மடிப்பாக்கத்துல இன்னொரு வூட்டுல வரச் சொல்லியிருக்காங்க. பாப்பாவ வாங்கிக்கங்க, தூங்கிடுச்சி."

வாங்கிக்கொள்ள எழுந்தவள் எழுந்த இடத்திலேயே நின்றாள். சோபாவில் மறுபடி உட்காரப் பிடிக்கவில்லை. விரிப்பின் மேல், பச்சையம்மாளுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தாள். தரை ஜில்லென்று இருந்தது. இங்கிருந்து பார்த்தால் மேசைக்கு அடியில் கிடக்கிற பருப்பு தெரிந்தது, காணாமல்போன பொம்மை ஒன்றின் கால் தெரிந்தது. குழந்தை பார்க்கிற வீடு இதுதான். "நானும் அங்கயே படுத்தா?" என்றாள். "எங்க?" "பாய்ல. பாப்பாவுக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நான்." பச்சையம்மாள் அவளைப் பார்த்தாள். ஏற இறங்க, நிதானமாகப் பார்த்தாள். கண்ணாடி அறையில் இத்தனை வருடம் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்போம் என்று தாட்சாயணிக்குத் தோன்றியது. "இதுவரைக்கும் ஒரு வூட்லயும் யாரும் அப்படிக் கேட்டதில்ல." "கேக்கக்கூடாதா?" "உங்க வூடு, நீங்க எங்க வேணா படுங்க. எனக்கு இன்னா? ஏசி இல்லாம தூக்கம் வருமா?" "வரும்." "கொசு?" "வலை வாங்கிக்கலாம்." "ஐயா?" "ஐயா கட்டில்ல படுத்துப்பாரு." பச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை அதிராமல் இருக்க உடம்பை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். "பாவம் அவரு. சரி, ஆனா பிள்ளை முழிச்சா நான்தான் தூக்குவேன். நீங்க தூக்கக்கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா இருக்கேன்." "ம்" என்றாள் தாட்சாயணி. ஒத்துக்கொண்டதற்கும் ஒத்துக்கொள்ளாததற்கும் நடுவில் எங்கேயோ அந்த 'ம்' விழுந்தது. எங்கே விழுந்தது என்று இப்போது பார்க்கவேண்டாம் என்று முடிவு செய்தாள்.

குருபரனைக் கூப்பிட்டாள். கார் இரைச்சல். "சொல்லு" என்றான். "ஆள் கிடைச்சாச்சு. இன்னைக்கே இருக்காங்க." "நிஜமாவா? பாப்பா போச்சா அவங்ககிட்ட?" "தூங்கவே தூங்கிட்டா." அவன் போனைக் காரின் ஸ்பீக்கரில் போட்டிருக்கவேண்டும். அண்ணியின் குரல் பக்கத்திலேயே கேட்டது. "அப்படியா கண்ணு? தூங்கிட்டாளா?" ஒரு லாரி ஹாரன். அப்புறம், "நல்லதாப் போச்சு போ. நான் ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுக் கிளம்பறனுங். தோப்புல தேங்கா போடற ஆளுக வருவாங்க" என்றாள். "இருங்க அண்ணி, அவசரமில்ல" என்றாள் தாட்சாயணி. பேசி முடித்த பிறகும் போனைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்ததுபோல் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டாள். மஞ்சள் அறையில் கொசுவலைக்குப் பின்னால் தேக்குத் தொட்டில் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதை அவள் பார்த்ததுகூட இல்லை. இனிமேல் அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. கிண்டி தாண்டியாயிற்று என்றால், பள்ளிக்கரணை சிக்னலைக் கடந்து அவர்கள் வர அரைமணி நேரம் ஆகும். அதற்குள் அந்தப் பருப்பைப் பெருக்கவேண்டும், அண்ணிக்குக் குளிக்க வெந்நீர் போடவேண்டும், பழைய பாயைத் தேடவேண்டும். பாய் இருக்கிறதா இந்த வீட்டில்? பரணில் இருக்கலாம். மூன்று பேருக்குப் போதுமா?

பச்சையம்மாள் மடியில் கிடந்த குழந்தையை ஒரு கையால் ஏந்திக்கொண்டு இன்னொரு கையால் கூடத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி எங்கே, சுவர் எங்கே, பாத்ரூம் போகிற வழி எங்கே. "இங்க போட்டுக்கலாம்" என்றாள், ஜன்னலோரத்தைக் காட்டி. பிறகு ஏதோ தோன்றியவளாகக் குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "ஏம்மா, இது தூக்கத்துல எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்?" மித்ரா இடது பக்கம்தான் திரும்புவாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளிலிருந்து அப்படித்தான். மல்லாக்கப் போட்டாலும், வலது பக்கம் சாய்த்துத் தலையணை அணை கொடுத்தாலும், தூக்கம் ஆழமானதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இடது பக்கம் உருண்டு, அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள்மேல் கையைப் போட்டுக்கொள்வாள். இது குருபரனுக்குக்கூடத் தெரியாது.

"வலது பக்கம்" என்றாள் தாட்சாயணி.

"அப்ப வலது பக்கம் நான் படுத்துக்கறேன். நீங்க அந்தப் பக்கம் படுத்துக்கங்க" என்றாள் பச்சையம்மாள்.